கிழக்குச் சுவரில் ஒரு துளை

தணிகாசலத்துக்கு,

உன் கடிதம் நேற்று மதியம் கைக்கு வந்தது. தபால்காரர் கழனி வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். வரப்பிலேயே உட்கார்ந்து படித்தேன். பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் அலுவலகத்தில் உன் வேலை நிரந்தரமாகிவிட்டது என்றும், திருத்தணிப் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்துப் பட்டியல் போடும் பொறுப்பை முதல் வேலையாக உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றும், வருகிற கோடையில் லாரிகள் அந்தப் பட்டியல்படிதான் வரும் என்றும் எழுதியிருந்தாய். அதுவரை படிக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வரியில், "நம்ம கிணத்தைத்தான் முதல்ல எழுதிகீறேன் நைனா, எந்தக் கோடையிலயும் வத்தாத கிணறுன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிட்டேன்" என்று இருந்தது. அதற்குமேல் படிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து என்னைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

நம் கிணற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. இதைச் சொல்ல ஒரு கார்டு போதும். இத்தனை வருஷமும் நான் உனக்கு எழுதியதெல்லாம் கார்டுதானே, 'இங்கு நலம், மழை இல்லை, அம்மா கேட்டதாகச் சொன்னாள்' என்று மூன்று வரி. ஆனால் ஏன் எடுக்க வேண்டும் என்று நீ கேட்பாய். உன்னைப் படிக்க வைத்ததே எதற்கும் ஏன் என்று கேட்பதற்காகத்தான். அந்த ஏனுக்குப் பதில் கார்டில் அடங்காது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். ஒன்று மட்டும் செய். இதை முதலில் நீ தனியாகப் படி. அத்தை வந்து கேட்டால், அப்புறம் படிக்கிறேன் என்று சொல்லி அனுப்பு. இது அவளைப் பற்றியது. நான் அவளுக்குச் செய்ததைப் பற்றியது.

நம் கழனியையும் அத்தை கழனியையும் ஒரே வரப்புதான் பிரிக்கிறது. அது எப்படி வந்தது என்று நீ கேட்டதில்லை. எங்கள் அம்மா செத்தபோது எனக்கு மூன்று வயது. என் அக்காதான், உன் அத்தைதான், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அவளுக்குக் கல்யாணம் பேசினபோது, தம்பியை விட்டுவிட்டு எந்த ஊருக்கும் வாழப் போக மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அதனால் நகரிப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, வீட்டோடு கொண்டுவந்து வைத்தார்கள். அவர்தான் எனக்குப் பாவா, உனக்கு மாமா. இல்லத்து மாப்பிள்ளை என்றால் நம் ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். சோத்துக்கு வந்தவன் என்று காதுபடவே சொன்னார்கள். அவர் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். எங்கள் அப்பா கழனியை இரண்டாகப் பிரித்து மேல்பாதியை எனக்கும் கிழக்கே இருந்த கீழ்ப்பாதியை அக்காவுக்கும் எழுதிவைத்தார். நான் நெல் போட்டேன். பாவா பூ வைத்தார். முல்லையும் கனகாம்பரமும் சாமந்தியும். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் மூன்று நாளைக்கு அந்த மனிதருக்குத் தூக்கம் கிடையாது. பூக்கூடைகளைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு திருத்தணி மலைக்குப் போய்விட்டு, திரும்பும்போது உனக்கு மரப்பாச்சியோ ஊதலோ வாங்கிவருவார். அந்த ஊதலை ஊதி நீ என் உயிரை எடுத்ததும் ஞாபகம் இருக்கும்.

இரண்டு கிணறுகளையும் நாங்கள் வெட்டினது நீ பிறப்பதற்கு முன்னால். நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிணறு வெட்டினாலும் சரி, பழைய கிணற்றை ஆழப்படுத்தினாலும் சரி, பக்கத்துக் கழனிக்காரனைக் கூப்பிட்டு முதல் கூடை மண்ணை அவன் கையால் எடுக்கச் சொல்ல வேண்டும். அவன் வந்து மண்ணை எடுத்துக் கொட்டினால் சம்மதம் என்று அர்த்தம். வராவிட்டால் உட்கார்ந்து பேசி முடிக்கிற வரைக்கும் கடப்பாரை இறங்காது. சாமி கும்பிடுகிற சடங்கு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கிணற்றுக்குப் பாவா வந்து முதல் மண்ணை எடுத்தார். இரண்டு வருஷம் கழித்து அவர் கிணற்றுக்கு நான் எடுத்தேன். அங்கே பாறை வரைக்கும் போய், பாறையையும் குடைந்து, இனி இல்லை என்று கைவிடும் சமயத்தில் மேற்குச் சுவரில் ஒரு இடுக்கிலிருந்து ஊற்று வந்தது. முதலில் கை வைத்தது நான்தான். மேற்கு என்றால் என் கிணற்றுப் பக்கம். பாவா மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உன் பக்கத்துலர்ந்துதான் வருது பாரு மச்சான், ரெண்டு கிணறும் ஒரே வயித்துல பொறந்ததுங்க" என்றார். அந்த இடுக்கு எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவன் நான்.

பிறகு மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. பட்டணத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு வெடித்துப் போனதைப் பேப்பரில் படம் போட்டார்கள். நீ அப்போதுதான் என்ஜினீயரிங் சேர்ந்திருந்தாய். திருப்பதி ரோட்டில் தண்ணீர் லாரிகள் போக ஆரம்பித்தன. கனகம்மாசத்திரத்து டீக்கடையில் ஒரு புரோக்கர் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, தண்ணீர் இருக்கிற கிணறு யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருந்தான். பத்துப் பேர் என் பேரைச் சொன்னார்கள். எனக்கு மீசையில் கை போனது. நெல்லுக்குப் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு லாரிக்குப் பாய்ச்சினேன். களை எடுக்க வேண்டாம், அறுக்க வேண்டாம், மோட்டாரைப் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தால் போதும். உன் காலேஜுக்கும் ஹாஸ்டலுக்கும் அதிலிருந்துதான் அனுப்பினேன். மகன் படிப்புக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. அந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடுகிறேன். உன்மேல் பாரம் போடுவதற்காக இதை எழுதவில்லை. நீ கேட்கவும் இல்லை, உனக்குத் தெரியவும் தெரியாது.

இரண்டாவது கோடையில் என் கிணறு அடி தட்டியது. நடுப்பகலுக்கெல்லாம் மோட்டார் காற்றை இழுத்தது. வந்த லாரி காலியாகத் திரும்பிப் போனபோது எனக்கு மானமே போனமாதிரி இருந்தது. புரோக்கர்தான் வழி சொன்னான். "சைடு போர் போடுங்க பெரியவரே, கிணத்துக்குள்ள இறங்கிப் படுக்கவாட்டுல ஒரு ஓட்ட. எங்க ஊத்து கீதோ அங்க போயி இஸ்துகினு வந்துரும்" என்றான். சேலம் பக்கத்திலிருந்து மிஷினோடு நாலு பேர் வருவதாக ஏற்பாடு ஆனது. வழக்கப்படி நான் பாவாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். படுக்கவாட்டில் போடும் துளைக்கு முதல் மண் என்று ஒன்று இல்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதையும் மீறி ஒரு பயம் இருந்தது. அதனால் நான் செய்ததைக் கேள். என் பழைய மோட்டார் ஒன்று உள்ளே கம்பிச்சுற்று எரிந்து மூலையில் கிடந்தது. அதை அரக்கோணத்துக்குக் கொண்டுபோய்ப் புதுக் கம்பி சுற்றி வாங்கிவர முடியுமா என்று பாவாவைக் கேட்டேன். அங்கே கடையில் உட்கார்ந்து முடித்து வாங்கிவர முழுப் பகலும் ஆகும் என்று தெரிந்துதான் கேட்டேன். "ஆங், அதுக்கின்னா மச்சான்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கனத்தைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நடந்தார்.

அவர் பஸ் ஏறின கொஞ்ச நேரத்தில் மிஷின்காரர்கள் வந்தார்கள். கிணற்றுக்குள் இறங்கிய ஆள் அண்ணாந்து, "எந்தப் பக்கமுங்க ஓட்டறது?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டிக் கிழக்கே காட்டினேன். எவ்வளவு உயரத்தில் என்று கேட்டான். அதையும் கையாலேயே காட்டினேன். உன் அம்மா அவர்களுக்குச் சோறு கொண்டுவந்தவள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாண்ட சொன்னியா?" என்று கேட்டாள். பாவாவை அவள் அண்ணன் என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டேன் என்றேன். சாயங்காலம் ஆவதற்குள் துளையிலிருந்து கைத்தடி கனத்துக்குத் தண்ணீர் பீறிட்டு வந்தது. பாவா திரும்பிவந்தபோது மிஷின் போய்விட்டிருந்தது. தோளில் தோல் கன்றிப்போயிருந்தது. மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, என் கிணற்றில் தண்ணீர் ஏறியிருப்பதைப் பார்த்து அந்த மனிதர் சந்தோஷப்பட்டார். "முருகன் கண்ண தொறந்துட்டான் மச்சான்" என்றார். நானும் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அடுத்த மாதத்திலேயே அவர் கிணறு கலங்கியது. பிறகு சேறானது. பிறகு அதுவும் காய்ந்தது. பூச்செடி பொறுக்காது, விடாமல் தண்ணீர் கேட்கும். நாலு நாள் விட்டால் கனகாம்பரம் இலை சுருட்டிவிடும். அக்கா குடம் எடுத்துக்கொண்டு என் மோட்டார்த் தொட்டிக்கு வந்தாள். லாரிக்குப் போகிற குழாய்க்குக் கீழே ஒழுகுகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செடிக்குச் செடி ஊற்றினாள். வேண்டிய மட்டும் எடுத்துக்கொள் என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். இந்தக் காலத்தில் எந்தத் தம்பி இப்படிக் கொடுப்பான் என்று ஊரே பேசியது. அக்கா கழனிக்கு வருபவர்களிடமெல்லாம், "எங்க தம்பி இல்லன்னா இந்தச் செடிங்க எப்பவோ கருகிப் போயிருக்கும்" என்று சொன்னாள். அவள் தண்ணீரைத்தான் அவளுக்குக் குடத்தில் தானம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்வதைத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த ஆடிக் கிருத்திகைக்குப் பாவாவால் ஒரு கூடைகூடக் கொண்டுபோக முடியவில்லை. கிணற்றை ஆழப்படுத்தப் போகிறேன் என்று என்னிடம் யோசனை கேட்க வந்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். துளைக்கு ஒரு மரக்கட்டையை அடித்திருந்தால் போதும். ஆனால் அது லாரி தினமும் வந்துகொண்டிருந்த நேரம். "இன்னும் பத்தடி போ பாவா, வரும்" என்றேன். எத்தனை அடி போனாலும் வராது என்று தெரிந்தே சொன்னேன். வழக்கத்தை விடக்கூடாது என்று முதல் கூடை மண்ணை என்னையே எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

பாறை வந்ததும் வெடி வைக்க வேண்டியிருந்தது. நீ பட்டணத்தில் இருந்தாய், அதனால் அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். வெடிக்காரர் பாறையில் குழி போட்டு, தோட்டாவைச் செருகி, திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு மேலே ஏறி ஓடிவந்துவிடுவார். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குக் காது போய்விட்டிருக்கும். அதனால் மேலே ஒரு ஆள் நின்று வெடிச் சத்தத்தை எண்ண வேண்டும். வைத்தது எத்தனையோ அத்தனை சத்தமும் கேட்டால் இறங்கலாம். ஒன்று குறைந்தாலும் மறுநாள் காலை வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. எண்ணுகிற வேலையை வெளியாளிடம் கொடுக்க மாட்டார்கள். சொந்தத்தில் ஒருவனைத்தான் நிறுத்துவார்கள். பாவா என்னை நிறுத்தினார்.

அன்றைக்கு ஐந்து தோட்டா. நான் வரப்பில் நின்று விரல் மடக்கிக்கொண்டிருந்தேன். மூன்று வெடித்தது. அந்தச் சமயத்தில் என் கிணற்றடியிலிருந்து லாரிக்காரன் ஆரன் அடித்தான். ஒரு தரம் இல்லை, கையை எடுக்காமல் அடித்தான். நான் திரும்பி, வருகிறேன் என்று கையைக் காட்டினேன். அதற்குள் இன்னொரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமாக இருந்தது. இரண்டு சேர்ந்து வெடித்திருக்கும் என்று நினைத்தேன். அப்படியும் நடப்பது உண்டு. நினைத்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் நான் நினைக்கவே இல்லை, லாரிக்குப் போக அவசரப்பட்டேன். பாவா மரத்துக்குப் பின்னாலிருந்து, "ஆச்சா மச்சான்?" என்று கேட்டார். "அஞ்சும் ஆச்சு பாவா" என்றேன். கிணறு அவருடையது, ஊற்று வந்ததா என்று முதலில் பார்க்க ஆசை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் மோட்டாரைப் போட்டுக் குழாயை லாரிக்குள் விட்டுக்கொண்டிருந்தபோது ஐந்தாவது வெடித்தது.

அதற்குமேல் நடந்தது உனக்குத் தெரியும். நீ வந்துதான் கொள்ளிச் சட்டி தூக்கினாய், அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பதால். விதி என்று எல்லோரும் சொன்னார்கள். பாவா அவசரப்பட்டு இறங்கிவிட்டார் என்று நான் சொன்னேன். தணிகா, செத்தவர்மேல் அந்தப் பழியையும் போட்டேன். வெடிக்காரருக்குக் காது கேட்காது, வேறு யாரும் எண்ணவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் லாரி வந்தது. நான் மோட்டார் போட்டேன். அந்தக் கோடை முழுக்கப் போட்டேன்.

அக்கா கழனியை என் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, உனக்குச் சோறாக்கிப் போடுகிறேன் என்று பட்டணத்துக்கு வந்தாள். ஹாஸ்டலிலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வியாசர்பாடியில் ஒரு அறை எடுத்தாள். பூவை விளைத்தவள் அங்கே பூவை வாங்கிக் கட்டி விற்கிறாள். நீ அவள் கையால் சாப்பிட்டுத்தான் மிச்சப் படிப்பை முடித்தாய். நான் உன்னைப் பார்க்க வருகிற சாக்கில் இரண்டு தடவை அங்கே வந்திருக்கிறேன். முதல் தடவை நல்ல மழை. உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அத்தனையும் சாக்கடையில் கலந்து கடலுக்கு ஓடியது. ஒருவரும் அதில் ஒரு குடம்கூடப் பிடித்து வைக்கவில்லை. இரண்டாவது தடவை கோடை. அதே தெருவில் குடங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையாக நின்றன, பெண்கள் ஒருத்தி தலைமுடியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சண்டை. பக்கத்துத் தெருவுக்கு ஏரிக்கரைத் தெரு என்று பேர் எழுதி வைத்திருந்தார்கள். ஏரி எங்கே என்று கேட்டேன். நாம் நிற்கிற இடம்தான் ஏரி நைனா என்று நீ சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இரண்டாவது தடவை நீ ஆபீஸுக்குப் போன பிறகு தண்ணீர் லாரி வந்தது. அக்காவுக்கு நான் குடம் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். லாரியிலிருந்து டிரைவர் தலையை நீட்டி, "இன்னா பெரியவரே, இங்க வந்துகீறீங்க? உங்க கிணத்துத் தண்ணிதான் இது, காத்தால அங்க ரொப்பிகினு நேரா வரேன்" என்றான். அன்றைக்கு ஆரன் அடித்தவன் அவன்தான். அக்கா இருந்த இடத்திலேயே பூரித்துப்போனாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "எங்க தம்பி கிணத்துத் தண்ணிம்மா இது, எங்க ஊரு தண்ணி, நல்லா குடிங்க" என்று சத்தமாகச் சொன்னாள். அவளை முன்னால் விட்டார்கள். குடம் நிறைந்ததும் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "தம்பி, எங்க கிணத்துத் தண்ணி மாதிரியே கீதுடா" என்றாள். வெயில் என்று சொல்லி ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். அதே தண்ணீரில் எனக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள். ஊருக்கு வந்ததும் லாரியை நிறுத்தினேன். கிணறு பழுது என்று எல்லோரிடமும் சொன்னேன். நீ அதை நம்பாமல், நைனாவுக்கு வயசாகிவிட்டது, மோட்டார் போட அலுப்பு என்று நினைத்துக்கொண்டு பட்டியலில் எழுதிவிட்டாய்.

போன பொங்கலுக்கு வந்தபோது நீ ஒன்று சொன்னாய். மீஞ்சூர்ப் பக்கம் இறைத்து இறைத்து, நல்ல தண்ணீர் இருந்த இடத்தில் பூமிக்கடியில் கடல் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது, கிணறெல்லாம் கரிக்கிறது என்றாய். யாருடைய தப்பு என்று கேட்டேன். யாருடையதும் இல்லை, எல்லோரும் அவரவர் கிணற்றில்தான் இறைத்தார்கள் என்றாய். அன்றைக்கு உன்னை அடிக்கலாம் போலிருந்தது. அவரவர் கிணறு என்று ஒன்று கிடையாதடா. சுவர்தான் அவரவருடையது, தண்ணீர் அடியில் ஒன்றாகத்தான் கிடக்கிறது. பட்டணம் இன்னும் பெருகும். நாளைக்கு நகரி வரைக்கும் வந்து கேட்கும். தாகத்துக்குக் கேட்பவனுக்கு இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் எங்களிடம் கை நீட்டுவதற்கு முன்னால் உங்கள் வாசலில் ஓடுகிற மழையை நிறுத்தி வையுங்கள். மிச்சம் இருக்கிற ஏரியிலாவது வீடு கட்ட விடாதீர்கள். உன் மேலதிகாரிகள் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உன் கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு கிணற்றை எழுத வரும்போது கிணற்றுக்காரனிடம் கையெழுத்து வாங்கி என்ன பயன்? அவன் என்னைப்போல மீசையைத் தடவிக்கொண்டு போடுவான். சுற்றி இருக்கிற கழனிக்காரர்களைக் கூப்பிடு. அவர்கள் கிணற்றையும் கயிறு விட்டுப் பார். முதல் கூடை மண்ணை அவர்கள் எடுக்கட்டும். அதைத்தான் நம் ஆட்கள் எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள், நான்தான் சடங்கு என்று நினைத்துத் தொலைத்தேன். இப்படிச் செய்தால் உன் பட்டியல் சின்னதாகிவிடும், உனக்குக் கெட்ட பேர் வரும். வாங்கிக்கொள்.

கிணற்றில் துளை அப்படியே இருக்கிறது. அடைக்கவில்லை. அடைத்துவிட்டால் நான் செய்ததற்குச் சாட்சி இல்லாமல் போய்விடும், நீ வந்து கண்ணால் பார்த்த பிறகு அடைக்கலாம் என்று வைத்திருக்கிறேன். இதுவும் ஒரு சாக்கு என்கிறாள் உன் அம்மா. போர் போட்ட அன்றைக்கே நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியுமாம். நான் வாயைத் திறப்பேன் என்று இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வெடியை நான் எண்ணியதைப் பற்றி மட்டும் அவளுக்குத் தெரியாது. நேற்று இரவு சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொன்னேன். அவள் காலையில் எழுந்து, "எழுது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டாள். நீ வந்தால் படி வழியாக இறங்கு. கிழக்குச் சுவரில், கடைசிப் படிக்குக் கீழே, உன் முழங்கை நுழைகிற அகலத்துக்கு இருக்கும். கையை விட்டுப் பார். குளிர்ச்சியாக இருக்கும்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். அத்தைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் எழுதுகிற கார்டையெல்லாம் நீதான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறாய். தபால் வந்ததை அவள் பார்த்திருப்பாள். "தம்பி இன்னா எழுதிகீறான்?" என்று கேட்டுக்கொண்டு, பூக்கட்டுகிற நாரை ஓரமாக வைத்துவிட்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பாள். நேரில் வந்து சொல்லப் பல தடவை பஸ் ஏறப் போய்த் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. இப்போது அவளைக் கூப்பிட்டு உட்கார வை. முதல் வரியிலிருந்து படி. ஒரு வார்த்தை விடாதே, எனக்காக எதையும் மாற்றிச் சொல்லாதே, நடுவில் அவள் அழுதாலும் நிறுத்தாதே. அவள் கழனியை அவள் பேருக்கே திருப்பி எழுதத் தாலுகா ஆபீஸில் சொல்லிவைத்திருக்கிறேன், அதையும் சொல். படித்து முடித்த பிறகு அவள் உனக்குச் சோறு போட்டால் சாப்பிடு. போடாவிட்டால் ஏன் என்று கேட்காதே, நீ என் பிள்ளை. தாகமாக இருந்தாலும் நீயாகப் பானையில் மொள்ளாதே. தண்ணீரும் அவள் எடுத்துக் கொடுத்தால் குடி.

நைனா